கல்லடிப் பாலமும் மண்டூர்ப் பாதையும்: சமன்பாடு படிப்பிக்கப் போகும் புதியவர்களுக்கு

நியமனம் கிடைத்த முதல் வருடம். தரம் 8 வகுப்பு. எளிய சமன்பாடு தொடங்க வேண்டும். பிள்ளைகள் வாழ்நாளுக்கும் மறக்காதபடி ஒன்று சொல்லிவிட வேண்டும் என்று இரவெல்லாம் யோசித்தேன். காலையில் போய்க் கரும்பலகையில் சமன் குறியை நீளமாகக் கீறி, "இதுதான் கல்லடிப் பாலம். பாலத்தைக் கடந்து மற்றப் பக்கம் போகிறவர் சட்டையை மாற்றிக்கொண்டுதான் போக வேண்டும். சக போனால் சய, சய போனால் சக" என்றேன். (சக என்றால் +, சய என்றால் −.) வகுப்பு சிரித்தது. ப + 7 = 12 என்ற கணக்கை எல்லோரும் சரியாகச் செய்தார்கள். எனக்கு நல்ல சந்தோஷம்.

அடுத்த கிழமை 3ப = 12 கொடுத்தேன். கொப்பிகளைத் திருத்த எடுத்தால் இரண்டு விதமான பிழை. சிலர் ப = 12 − 3 = 9 என்று எழுதியிருந்தார்கள். சிலர் ப = 12 ÷ (−3) = −4 என்று எழுதியிருந்தார்கள். இரண்டாவது மாதிரி எழுதிய ஒரு பையனைக் கூப்பிட்டு, "இது எப்படி மகன் வந்தது?" என்று கேட்டேன். "சேர், 3 பாலம் கடந்திட்டுத்தானே, குறி மாறத்தானே வேணும்?" என்றான். அவனில் ஒரு பிழையும் இல்லை. நான் சொன்னதை அச்சொட்டாகச் செய்திருக்கிறான்.

அன்றோடு பாலக் கதையை விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு எப்படிப் படிப்பிக்கிறேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் புதிதாக நியமனம் பெற்றுப் போகிறவர்களுக்கும், உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டு விறாந்தையில் பத்துப் பிள்ளைகளை வைத்து மாலை வகுப்பு எடுக்கும் தம்பி தங்கைமாருக்கும் உதவலாம். தரம் 7, 8 பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். தரம் 10 வரை வந்தும் அடி பிடிபடாத பிள்ளைக்கும் இதே ஒழுங்குதான், கொஞ்சம் வேகமாகப் போகலாம்.

எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை

பாடப்புத்தகத்தில் தெரியாக்கணியத்துக்கு எக்ஸ் என்ற ஆங்கில எழுத்து வரும். பிள்ளையின் கையெழுத்தில் அந்த எழுத்தும் பெருக்கல் குறியும் ஒன்றுபோலவே இருக்கும். எது எண், எது குறி என்று எழுதிய பிள்ளைக்கே பிறகு தெரியாது. அதனால் நான் முதல் நாள் வெறும் பெட்டி போடுவேன், இரண்டாம் நாள் ஒரு தமிழ் எழுத்து, கிழமைக் கடைசியில்தான் எக்ஸ். அட்சரகணிதம் என்ற பேரிலேயே அட்சரம் இருக்கிறது, எந்த அட்சரமாக இருந்தால் என்ன. இந்தக் கட்டுரையிலும் ப என்றே எழுதுகிறேன். (க எடுக்காததற்குக் காரணம் உண்டு. பழைய தமிழ் எண்களில் 1 க்கு அந்த வடிவம்தான். எந்தப் பிள்ளைக்கும் அது தெரியப்போவதில்லை, ஆனாலும் எனக்கு உறுத்தும்.)

ஒன்றில் மட்டும் கவனம். மாங்காய்க்கு மா, தேங்காய்க்குத் தே என்று பொருளின் முதலெழுத்தை எடுக்காதீர்கள். எடுத்தால் "3மா என்றால் மூன்று மாங்காய்" என்று பிள்ளை மனதில் பதித்துவிடும். அந்த எழுத்து மாங்காயைக் குறிக்கவில்லை. மாங்காயின் விலையையோ எண்ணிக்கையையோ, ஏதோ ஓர் எண்ணைக் குறிக்கிறது. வசனக் கணக்குக்கு வரும்போதுதான் இந்தப் பிழை வெளியே தெரியும், அப்போது திருத்துவது கஷ்டம்.

முதல் நாள் சமன்பாடே வேண்டாம்

வகுப்புக்குள் போனதும் இதை மட்டும் பலகையில் எழுதுங்கள்:

8 + 4 = □ + 5

பெட்டிக்குள் என்ன வரும் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே துண்டுக் காகிதத்தில் எழுதித் தரட்டும். 7 என்று எழுதுபவர்கள் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக இருப்பார்கள். நிறைய 12 வரும். சிலர் எல்லாவற்றையும் கூட்டி 17 என்று எழுதியிருப்பார்கள்.

பிள்ளைகளுக்குக் கூட்டல் தெரியாமல் இல்லை. தரம் 1 இலிருந்து அவர்கள் பார்த்ததெல்லாம் 8 + 4 = என்று எழுதி, அதற்கு அடுத்ததாக விடை எழுதுவது மட்டுமே. கணிப்பானிலும் சமன் பொத்தானை அழுத்தினால்தான் விடை வரும். எனவே அவர்கள் அகராதியில் சமன் என்றால் "இனி விடை வருகிறது". அந்தப் பிள்ளையிடம் போய் 5ப + 2 = 3ப + 14 என்று எழுதினால், வலது பக்கத்தில் இருப்பது விடையா, கேள்வியா என்றே விளங்காது.

இதைத் திருத்த ஒரு முழுப் பாடவேளை ஒதுக்குங்கள். சரியா பிழையா என்று கேட்டு இப்படிச் சில வரிகள்:

9 = 4 + 5
6 + 2 = 5 + 3
7 = 7
10 − 3 = 7 + 1

முதல் வரியிலேயே சண்டை தொடங்கும். "தலைகீழா எழுதியிருக்கு சேர், பிழை" என்று பாதி வகுப்பு சொல்லும். 7 = 7 க்கு "கணக்கே இல்லையே" என்பார்கள். சண்டை போடட்டும். நீங்கள் தீர்ப்புச் சொல்ல அவசரப்பட வேண்டாம். கடைசியில் ஒரு பிள்ளை, "ரெண்டு பக்கமும் ஒரே அளவு எண்டா சரிதானே" என்று சொல்லும். அந்த வசனத்தைப் பிள்ளை சொன்ன மாதிரியே பலகையின் மேல் மூலையில் எழுதி, அந்தப் பாடம் முடியும்வரை அழிக்காமல் வையுங்கள்.

நேரம் இருந்தால் இந்தக் கதையையும் சொல்லலாம். இந்தக் குறியை 1557 இல் முதன்முதலில் அச்சில் கொண்டுவந்தவர் வேல்ஸ் நாட்டில் பிறந்த ரொபேர்ட் ரெக்கோர்ட். ஒரே நீளமான இரண்டு சமாந்தரக் கோடுகளைவிடச் சமனான இரண்டு பொருள்கள் இருக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். அதைச் சொன்ன பிறகு பிள்ளைகள் சமன் குறியின் இரண்டு கோட்டையும் அடிமட்டம் வைத்து ஒரே நீளத்தில் கீறத் தொடங்குவார்கள். இரண்டு நாளைக்கு அப்படிக் கீறுவார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள். பரவாயில்லை.

அதே நாளில் திசைகொண்ட எண்களையும் சும்மா தட்டிப் பாருங்கள்: −3 + 7, 4 − 9, (−6) ÷ (−2). பாதிப் பேர் தடுமாறினால் சமன்பாட்டை மூன்று நாள் தள்ளிப்போடுங்கள். பாடத்திட்டம் பின்தங்குமே என்று பயம் வரும். அதிலும் மாரி வெள்ளத்துக்குப் பள்ளிக்கூடம் பூட்டும் காலம் என்றால் சொல்லவே வேண்டாம். ஆனாலும் 4 − 9 தெரியாத பிள்ளைக்குச் சமன்பாடு படிப்பித்தால், எந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்கே பிடிபடாமல் போகும்.

பாதையில் ஏற்றுவது

குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கோ, குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கோ மட்டக்களப்பு வாவியைக் கடந்தவர்களுக்குப் 'பாதை' என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. வெளியூரிலிருந்து நியமனம் பெற்று வருபவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு போகும் தட்டையான மிதவைக்குத்தான் இங்கே அந்தப் பேர். எல்லோரும் ஒரே பக்கம் போய் நின்றால் பாதை சரியும், பாதைக்காரர் சத்தம் போடுவார். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பிள்ளைகளுக்கு இது தினமும் காணும் காட்சி.

பாலத்தை விட்டு நான் பிடித்துக்கொண்டது இந்தப் பாதையைத்தான். பாதை மட்டமாக நிற்கிறது. இடது பக்கத்தில் இருந்து ஒருவரை இறக்கினால் என்ன ஆகும்? வலது பக்கத்திலும் அதே நிறையில் ஒருவரை இறக்கினால்? பாலத்தில் ஒரு பொருள் இங்கிருந்து அங்கே போகிறது. பாதையில் எதுவும் எங்கேயும் போகவில்லை. இரண்டு பக்கத்திலும் ஒரே வேலை நடக்கிறது, அவ்வளவுதான். "நடுவில நிண்டா சேர்?" என்று ஒருவன் கேட்டான். நடுவில் சமன் குறி நிற்கிறது, உனக்கு இடமில்லை என்றேன்.

கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் பக்கப் பிள்ளைகளுக்குப் பாதை பழக்கமில்லாமல் இருக்கலாம். தராசு சொல்லலாம் என்றால், கடைகளில் இப்போது இலக்கத் தராசுதான், இரட்டைத் தட்டை நேரில் காணாத பிள்ளைகளே கூட. அதனால் ஒன்று செய்துவிடுங்கள், செலவில்லை. உடுப்புக் கொழுவும் ஹேங்கர் ஒன்று, அதன் இரு முனையிலும் நூலில் கட்டிய வெறும் யோகட் கோப்பை இரண்டு, ஒரே அளவான மாபிள் கொஞ்சம், தீப்பெட்டி நான்கு. இரண்டு தீப்பெட்டிக்குள் மும்மூன்று மாபிள் போட்டு, பிள்ளைகள் காணாமல் மூடுங்கள். இடது கோப்பையில் அந்த இரண்டு பெட்டியும் ஒரு மாபிளும். வலது கோப்பையில் ஏழு மாபிள், கூடவே வெறும் தீப்பெட்டி இரண்டு. அந்த வெறும் பெட்டிகளை மறந்தால் தராசு ஒரு பக்கம் சாயும், பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்கு நடந்தது.

இதுதான் 2ப + 1 = 7. ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, தராசு சாயாமல் ஒரு பெட்டிக்குள் எத்தனை என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு மாபிள் எடுக்கும். பிறகு இரண்டு பக்கத்தையும் பாதியாக்கும். நீங்கள் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் இதில் கஷ்டமான பகுதி. முடிந்த பிறகு "என்ன செய்தாய்?" என்று கேட்டு, "ரெண்டு பக்கத்திலயும் ஒண்டு எடுத்தன்" என்று பிள்ளை சொல்வதைப் பலகையில் எழுதுங்கள். அதற்குக் கீழே குறியீட்டில் எழுதுங்கள்.

தராசை இரண்டு நாளுக்கு மேல் இழுக்க வேண்டாம். 2ப + 9 = 3 வந்தவுடன் அது கைவிட்டுவிடும், சய எண்ணை எந்தக் கோப்பையிலும் போட முடியாது. அதற்கென்று ஹீலியம் அடைத்த பலூன் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கும்பிட்டுவிட்டு நான் கொப்பிக்குத் திரும்பிவிடுவேன்.

முஸ்லிம் பிள்ளைகள் அதிகம் உள்ள காத்தான்குடி, சம்மாந்துறை வகுப்புகளில் இன்னொன்றும் எடுபடும். 9 ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இருந்த அல்-குவாரிஸ்மி சமன்பாடு தீர்க்க இரண்டு செய்கைகளுக்குப் பேர் வைத்தார். கழிபட்டுக் கிடக்கும் உறுப்பை இரண்டு பக்கமும் கூட்டிச் சரிப்படுத்துவது அல்-ஜப்ர். இரண்டு பக்கமும் இருக்கும் ஒரே மாதிரியான உறுப்பை எடுத்துவிடுவது அல்-முகாபலா. அல்ஜிப்ரா என்ற சொல் முதலாவதிலிருந்து வந்தது. அரபியில் முறிந்த எலும்பைப் பொருத்துவதற்கும் அதே சொல்தான் என்று சொன்னால் கடைசி வாங்கும் நிமிர்ந்து உட்காரும்.

சோற்றுப் பார்சல்

எந்தச் செய்கையை முதலில் நீக்குவது? புதிய ஆசிரியர்கள் தாண்டிப் போகும் இடம் இது. 3ப + 4 = 19 இல் 4 ஐ முதலில் கழிக்க வேண்டும் என்று நமக்குத் தெரியும். ஏன் 3 ஆல் முதலில் வகுக்கக் கூடாது? (வகுக்கலாம். பிழையில்லை. 4/3 வந்து நிற்கும், அவ்வளவுதான்.)

கடையில் சோற்றுப் பார்சல் கட்டுவதைக் கேளுங்கள். முதலில் லஞ்ச் சீற்றில் சோறு, பிறகு பத்திரிகைத் தாள், கடைசியில் ரப்பர் வளையம். திறக்கும்போது? ரப்பர் வளையம் முதலில், பிறகு தாள், பிறகு சீற். சமன்பாடும் அப்படித்தான். ப என்பது சோறு. அதை 3 ஆல் பெருக்கினார்கள், பிறகு 4 கூட்டினார்கள், 19 ஆனது. கடைசியில் கட்டியதை முதலில் அவிழ்க்க வேண்டும். முதலில் 4 ஐக் கழி, பிறகு 3 ஆல் வகு.

ஒவ்வொரு புதுச் சமன்பாட்டையும் தீர்க்க முதல், "ப க்கு என்ன என்ன நடந்தது, எந்த ஒழுங்கில்?" என்று வாயால் சொல்லச் சொல்லுங்கள். (ப + 4)/3 = 5 க்கும் ப/3 + 4 = 5 க்கும் உள்ள வித்தியாசம் இப்படிச் சொல்லும்போதுதான் பிள்ளைக்குப் பிடிபடும். முதலாவதில் கூட்டல் உள்ளே, வகுத்தல் வெளியே. விடை 11. இரண்டாவதில் அது மறுதலை. விடை 3.

எழுதும் விதம்

கணக்குச் சரியாகத் தெரிந்த பிள்ளையும் இப்படி எழுதும்:

3ப + 4 = 19 − 4 = 15 ÷ 3 = 5

விடை சரி. ஆனால் 19 இலிருந்து 4 போனதும், 15 உம், 5 உம் எல்லாம் ஒன்று என்றல்லவா எழுதியிருக்கிறது! அதற்கு நேராகச் சிவப்புப் பேனையால் சரி போட்டுவிடாதீர்கள். வரிசையாக ஓடும் இந்தச் சமன் குறிகள் அந்த முதல் நாள் நோயின் மிச்சம். ஒரு வரியில் ஒரே ஒரு சமன் குறி, சமன் குறிகள் ஒன்றுக்குக் கீழ் ஒன்று. இந்தச் சட்டத்தில் மட்டும் நான் இளகுவதில்லை.

3ப + 4 = 19
3ப + 4 − 4 = 19 − 4
3ப = 15
3ப/3 = 15/3
ப = 5

இரண்டாவது வரியையும் நான்காவது வரியையும் முதல் இரண்டு கிழமைக்கு வேறு நிறத்தில் எழுதச் சொல்லுங்கள். அந்த இரண்டு வரியிலும்தான் நாம் வேலை செய்கிறோம், மற்ற வரிகள் அதன் பலன். கொப்பியின் வலது ஓரத்தில் "இரு பக்கமும் 4 ஐக் கழிக்க", "இரு பக்கமும் 3 ஆல் வகுக்க" என்று காரணமும் எழுதட்டும். கெட்டிக்காரப் பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள். நீங்களும் ஒரு நாள் சலிப்பீர்கள்.

அப்புறம் ஒரு நாள் ஒரு பிள்ளை வந்து, "சேர், இந்த வரிய எழுதாம, 4 ஐ அந்தப் பக்கம் சய போட்டு எழுதினாலும் அதுதானே வருது?" என்று கேட்கும். அன்றைக்குத்தான் பக்கம் மாற்றும் சுருக்கு வழியைத் திறந்துவிட வேண்டும். அந்தப் பிள்ளை அதைத் தானாகக் கண்டுபிடித்திருக்கிறது, எனவே 3ப = 12 இல் 3 ஐச் சய ஆக்காது. ரியூசனில் முன்கூட்டியே சுருக்கு வழி படித்துக்கொண்டு வருபவர்களும் இருப்பார்கள். அவர்களைப் பேச வேண்டாம், படிப்பித்தவரையும் குறை சொல்ல வேண்டாம். "ஏன் அப்படிச் செய்யலாம், தராசில் காட்டு" என்று கேட்டால் போதும்.

எந்த ஒழுங்கில் கூட்டிப்போவது

ஒரு செய்கை உள்ளவை முதலில்: ப + 7 = 12, ப − 4 = 9, 3ப = 15, ப/4 = 3. ஒரு நாள் போதும். அதற்குள்ளேயே 12 = ப + 7 என்று திருப்பி எழுதியும் கொடுங்கள். அடுத்து இரண்டு செய்கை. அதில் விடை 0 ஆகவும், சய எண்ணாகவும், பின்னமாகவும் வரும் கணக்குகளைக் கலந்துவிடுங்கள். எப்போதும் 5 உம் 6 உம் விடையாக வந்தால், 7/2 வந்தவுடன் பிள்ளை தான் பிழை விட்டதாக நினைத்து அழித்துவிடும்.

இங்கே எட்டிப் பார்க்கும் பிழைகளில் எனக்கு மிகப் பிடித்தது: 5ப = 5, எனவே ப = 0. "அஞ்ச அஞ்சால வெட்டினா ஒண்டுமில்லையே" என்று விளக்கமும் வரும். வெட்டுதல் என்ற சொல்லை நாம் அவ்வளவு தாராளமாகப் பாவிக்கிறோம், அது செய்யும் வேலை. அந்த 0 ஐச் சமன்பாட்டில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்: 5 × 0 = 0, 5 இல்லை. −ப = 7 என்பதும் ஒரு நாள் சண்டை. அதை −1 × ப என்று விரித்து எழுதினால் அடங்கும்.

இரு பக்கமும் எழுத்து வருவது அடுத்தது. 5ப + 2 = 3ப + 14. சிறிய உறுப்பை, அதாவது 3ப ஐ, இரு பக்கமும் கழித்தால் சய தொல்லை வராது. 2ப + 2 = 14, 2ப = 12, ப = 6. இங்கே பெரிய வியாதி, 5ப + 2 ஐ 7ப என்று சேர்ப்பது. "கூட்டல் முடியாமல் நிற்கிறதே" என்று பிள்ளைக்கு மனம் ஆறாது. ப க்கு 10 போட்டுக் காட்டுங்கள்: ஒன்று 52, மற்றது 70. ஒத்த உறுப்பு, ஒவ்வா உறுப்பு என்று வரைவிலக்கணம் சொல்வதைவிட இது வேகமாக வேலை செய்யும்.

அடைப்புக்குறிக்கு ஓட்டோ நல்லது. முதல் கிலோமீற்றருக்கு 100 ரூபா, பிறகு ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 80 ரூபா, மொத்தம் 500 ரூபா கொடுத்தேன் என்று வையுங்கள். எவ்வளவு தூரம்?

100 + 80(ப − 1) = 500

100 ஐக் கழித்தால் 80(ப − 1) = 400. இப்போது விரிக்காமல் 80 ஆல் வகுத்தால் ப − 1 = 5, ப = 6. விரித்தும் செய்யலாம், எண்கள் பெரிதாகும். இரண்டு வழியையும் பலகையின் இரண்டு பக்கத்தில் இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் செய்யட்டும். எது சுகம் என்று வகுப்பே சொல்லும். 7(ப − 2) = 10 என்று கொடுத்தால் அந்த விருப்பம் மாறும், அதையும் காட்டுங்கள். விரிக்கும்போது இரண்டாவது உறுப்பைப் பெருக்க மறப்பதும், −2(ப − 5) இல் +10 க்குப் பதிலாக −10 எழுதுவதும் வழக்கமானவை. திருத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான், குறுக்கு வழி கிடையாது.

பின்னம் என்றால் அலறல்

பகுதியெண்களின் பொதுமடங்குகளுட் சிறியதைக் கண்டு, எல்லா உறுப்பையும் அதால் பெருக்குவது என்ற விதி எளிது. ஆனால் இரண்டு இடத்தில் வழுக்கும்.

(ப + 1)/2 + ப/3 = 8

6 ஆல் பெருக்கும்போது இடது பக்கத்தை மட்டும் பெருக்கிவிட்டு 8 ஐ அப்படியே விடுவது முதலாவது வழுக்கல். பாதையை நினைவுபடுத்துங்கள்: ஒரு பக்கத்தை ஆறு மடங்காக்கினால் மற்றப் பக்கம்? 3(ப + 1) + 2ப = 48, 5ப + 3 = 48, ப = 9.

இரண்டாவது வழுக்கலுக்கு விழாத பிள்ளையை நான் கண்டதில்லை:

ப/2 − (ப − 1)/3 = 2

பின்னக் கோடு ஓர் அடைப்புக்குறியின் வேலையையும் செய்கிறது. கோட்டை எடுத்தவுடன் அடைப்புக்குறி தெரிய வேண்டும்: 3ப − 2(ப − 1) = 12. அதைப் போடாத பிள்ளை 3ப − 2ப − 2 = 12 என்று எழுதி 14 க்குப் போகும். போட்ட பிள்ளை 3ப − 2ப + 2 = 12 என்று வந்து 10 ஐப் பிடிக்கும். எனவே பின்னம் தொடங்கும் நாளில், கணக்கை எழுதியவுடன் தொகுதியெண்ணில் இரண்டு உறுப்பு இருந்தால் அதற்கு அடைப்புக்குறி போட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை என்று பழக்குங்கள்.

சரிபார்ப்பது யார் வேலை?

"சேர், சரியா?" என்று கொப்பியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் வருவார்கள். சமன்பாட்டில் அந்த வரிசை தேவையே இல்லை. வந்த விடையைத் தொடக்கச் சமன்பாட்டில் பிரதியிட்டுப் பார்த்தால் பிள்ளைக்கே தெரிந்துவிடும். மேலே உள்ளதில் ப = 10 என்றால் 10/2 − 9/3 = 5 − 3 = 2. சரி. 14 என்றால் 7 இலிருந்து 13/3 ஐக் கழிக்க வேண்டும், 2 வராது. இடது பக்கத்தைத் தனியாக, வலது பக்கத்தைத் தனியாகக் கணித்து இரண்டையும் ஒப்பிட வேண்டும். தீர்த்த கடைசி வரியில் பிரதியிட்டுவிட்டு "சரி சேர்" என்று வருபவர்களும் உண்டு, தொடக்க வரியில்தான் பிரதியிட வேண்டும் என்று ஒரு முறைக்கு நாலு முறை சொல்லுங்கள்.

"சரியா?" என்று கேட்டால் நான் பதில் சொல்வதில்லை, "போட்டுப் பார்த்தாயா?" என்று மட்டும் கேட்பேன். ஒரு மாதத்தில் வரிசை குறைந்துவிடும்.

வசனக் கணக்கு

ஒன்றே ஒன்றை விளக்கமாகப் பார்ப்போம். வெள்ளாமை வெட்டி முடிந்தது. அண்ணனுக்குத் தம்பியைவிட 5 மூடை கூட. இருவருக்கும் சேர்த்து 43 மூடை. ஆளுக்கு எவ்வளவு?

சமன்பாடு எழுத முதல் ஊகிக்கச் சொல்லுங்கள். "தம்பிக்கு 20 எண்டு வைப்பம்." அப்படியென்றால் அண்ணனுக்கு? 25. மொத்தம்? 45. கூடிவிட்டது. "18?" 18 உம் 23 உம் 41. குறைந்துவிட்டது. இந்த இரண்டு ஊகத்தையும் பலகையில் முழுதாக எழுதுங்கள்:

20 + (20 + 5) = 45
18 + (18 + 5) = 41

இப்போது மாறும் எண்ணுக்கு மேலே ஒரு வட்டம் போட்டு, அந்த இடத்தில் ப எழுதி, வலது பக்கத்தில் 43 ஐ வையுங்கள். ப + (ப + 5) = 43. பிள்ளை தானே சமன்பாட்டை எழுதிவிட்டது. 2ப = 38, தம்பிக்கு 19, அண்ணனுக்கு 24. முதல் வரியாக "தம்பிக்குக் கிடைத்த மூடைகளின் எண்ணிக்கை ப என்க" என்று எழுத வேண்டும். "தம்பி = ப" என்று எழுதினால் தம்பியை எப்படி 2 ஆல் பெருக்குவாய் என்று கேட்டுச் சிரிக்க வைத்துத் திருத்துங்கள்.

19 என்று கண்டவுடன் பேனையை மூடிவிடும் பிள்ளைகளுக்கு, அண்ணனும் மூடைக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார் என்று ஞாபகப்படுத்த வேண்டும்.

வீட்டு வேலைக்கு முப்பது கணக்குக் கொடுக்காதீர்கள். முப்பது கொடுத்தால் ஒரு பிள்ளை செய்யும், மற்றவர்கள் காலையில் பார்த்து எழுதுவார்கள். நான் ஆறுதான் கொடுப்பேன். ஐந்து என்னுடையவை. அதில் ஒன்று ஏற்கெனவே பிழையாகத் தீர்க்கப்பட்டது, எந்த வரியில் பிழை என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆறாவது பிள்ளையே உருவாக்கும் கணக்கு. விடையை மனதில் வைத்துக்கொண்டு பார்சல் கட்ட வேண்டும், அடுத்த நாள் பக்கத்தில் இருப்பவர் அதை அவிழ்க்க வேண்டும்.

போன தவணையில் எப்போதும் கடைசி வாங்கில் இருக்கும் ஒரு பிள்ளை கொண்டு வந்தது இது:

7(ப − 2) + 3 = 4ப + 4

எனக்கே காகிதம் எடுக்க வேண்டியிருந்தது. 7ப − 11 = 4ப + 4, 3ப = 15, ப = 5. போட்டுப் பார்த்தேன், இரண்டு பக்கமும் 24. "இத எப்படிக் கட்டினாய் புள்ள?" என்றேன். "அஞ்ச வச்சிக்கொண்டு ரெண்டு பக்கமும் 24 வாற மாதிரிச் செஞ்சன் சேர்" என்றாள். வெண்கட்டியை அவளிடம் கொடுத்துவிட்டு, அவள் இடத்தில் போய் நான் இருந்தேன்.